கிரகணமும் தொழுகையும்

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, ஷவ்வால் மாதத்தின் இறுதியில் ஒரு நாள் காலை, மதீனாவில் சூரியன் மங்கத் தொடங்கிற்று. இன்றைய வானியல் கணக்கின்படி அது கி.பி. 632, ஜனவரி 27ஆம் நாள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கும் மாரியத்துல் கிப்திய்யா (ரலி) அவர்களுக்கும் பிறந்த அருமை மகன் இப்ராஹீம், பால்குடி மறவாத பருவத்தில், அன்றுதான் காலமாகியிருந்தார். பெரியோர் மறையும்போது வானம் துக்கம் கொண்டாடும் என்பது அக்கால மக்களிடையே ஊறிப்போன நம்பிக்கை. எனவே, இறைத்தூதரின் மகன் மறைந்ததாலேயே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டதில் வியப்பில்லை.

அந்தப் பேச்சை நபியவர்கள் வளர விடவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று அறிவித்தார்கள். கிரகணத்தைக் காணும்போது தொழுமாறும், இறைவனை நினைந்து பிரார்த்திக்குமாறும் பணித்தார்கள். புகாரீ, முஸ்லிம் முதலிய நூல்களில் பல வழிகளில் பதிவான செய்தி இது. நபித்துவத்தின் உண்மைக்குச் சான்றாக இந்நிகழ்ச்சியை நம் சொற்பொழிவாளர்கள் அடிக்கடி எடுத்துரைப்பர். மறுத்துப் பேசக்கூட வேண்டியதில்லை, மௌனமாக இருந்திருந்தாலே மக்களின் நம்பிக்கை தமக்குச் சாதகமாக வளர்ந்திருக்கும் என்னும் நிலையில், துயரத்தின் நடுவே அவர்கள் அதனை மறுத்தார்கள் என்பது அவர்களின் வாதம். அது சரியான வாதமே. ஆயினும் அச்செய்தியில் வேறொன்றும் உண்டு. அதன் முற்பகுதி ஒரு பொய்க்காரணத்தை நீக்குகிறது. பிற்பகுதி ஒரு வழிபாட்டை விதிக்கிறது. நீக்கப்பட்ட காரணத்தின் இடத்தில் வேறொரு காரணம் வைக்கப்படவில்லை. சூரியன் எவ்வாறு மறைகிறது என்னும் வினா திறந்தே விடப்பட்டது.

இறைநம்பிக்கையும் அறிவியல் சிந்தனையும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க இயலுமா என்னும் வினாவை நம் கல்லூரி மாணவர்கள் இன்று ஏதோ ஒரு வடிவில் எதிர்கொள்கின்றனர். பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். 'இஸ்லாம் அறிவியலுக்கு எதிரானதன்று' என்போம். விடை தவறன்று, ஆனால் அதனைக் கொண்டு எந்தச் சிக்கலையும் தீர்க்க முடியாது. ஆகவே கிரகணம் என்னும் ஒரே பொருளைப் பற்றிக்கொண்டு, நம் முன்னோர் அதனை எவ்வாறு கையாண்டனர் எனக் காண்பது பயன் தரும். அவ்வாறு காணும்போது, இவ்விவாதத்தில் அறிவியலின் எதிரி எனப் பெரிதும் தூற்றப்பட்ட இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே நம்முன் முதலில் வந்து நிற்கிறார்கள்.

பாரசீகத்தின் தூஸ் நகரில் கி.பி. 1058இல் பிறந்த கஸ்ஸாலி, பக்தாதின் நிஸாமிய்யா கல்விக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' என்னும் நூலை எழுதினார். 1095இல் முற்றுப்பெற்ற அந்நூல், கிரேக்க மரபைப் பின்பற்றிய தத்துவவாதிகளை, குறிப்பாக இப்னு ஸீனாவை, இருபது தலைப்புகளில் மறுத்துரைப்பது. ஆனால் போர் தொடங்குமுன் அவர் களத்தின் எல்லையைக் குறிக்கிறார். தத்துவவாதிகளோடு எதற்காகச் சண்டையிட வேண்டும், எதற்காகச் சண்டையிடக் கூடாது என்பதை முன்னுரையிலேயே வகுத்துக் காட்டுகிறார். சண்டையிடக் கூடாதவற்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கிரகணமே.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பூமி வருவதால் சந்திர கிரகணம் நிகழ்கிறது. பார்ப்பவருக்கும் சூரியனுக்கும் இடையே சந்திரன் வருவதால் சூரிய கிரகணம் நிகழ்கிறது என்று அவர்கள் கூறுவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். இதனை மறுப்பது மார்க்கக் கடமை என்று எண்ணுபவர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்கிறார். ஏனெனில் இவை கணிதச் சான்றுகளின் மேல் நிற்பவை. கிரகணம் எப்போது தொடங்கும், எவ்வளவு மறையும், எப்போது விலகும் என்று முன்கூட்டியே சொல்ல வல்ல ஒருவரிடம் சென்று, இது மார்க்கத்துக்கு முரணானது என்று கூறினால், அவர் தம் கணக்கை ஐயுற மாட்டார்; மார்க்கத்தையே ஐயுறுவார். மார்க்கத்தை முறைகேடான வழியில் பாதுகாக்கப் புறப்படுபவர், முறையான வழியில் எதிர்ப்பவரைவிட அதிகக் கேடு செய்கிறார் என்பது கஸ்ஸாலியின் தீர்ப்பு. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்கருத்து நம் மேடைகளில் இன்னும் போதிய அளவு ஒலிக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. கிரகணம் பற்றிய நபிமொழியின் சில அறிவிப்புகளில் கூடுதலாக ஒரு கருத்து உள்ளது. இறைவன் ஒரு பொருளுக்குத் தன் வெளிப்பாட்டைக் காட்டும்போது அது அவனுக்குப் பணிகிறது என்பது அதன் சாரம். கிரகணத்தின் காரணமே இதுதான் என்று எவரேனும் வாதிட்டால் என் செய்வது? அந்தக் கூடுதல் ஆதாரப்பூர்வமானதன்று என்று கஸ்ஸாலி முதலில் விடையளிக்கிறார். பின்னர், அது ஆதாரப்பூர்வமானதே என்று கொண்டாலும், உறுதியாக நிறுவப்பட்ட உண்மையை மறுப்பதைவிட அச்சொற்களுக்கு விளக்கம் காண்பதே எளிது என்கிறார். பிற்கால ஹதீஸ் கலை வல்லுநர்கள் அவரது முதல் விடையை அப்படியே ஏற்கவில்லை. நஸாஈ உள்ளிட்ட நூல்களில் அவ்வறிவிப்பு உள்ளதை இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) தம் 'ஃபத்ஹுல் பாரீ'யில் சுட்டிக்காட்டுகிறார். ஹதீஸ் துறையில் கஸ்ஸாலியின் பிடி தளர்வானது என்பது அறிஞர்கள் அறிந்ததே. ஆனால் முதல் விடை தளர்ந்த இடத்தில்தான் இரண்டாம் விடையின் வலிமை புலப்படுகிறது.

இப்னு ஹஜர் அதே இடத்தில் இப்னு தகீக் அல்ஈத் (1228-1302) என்னும் அறிஞரின் கருத்தையும் எடுத்தாள்கிறார். கிரகணத்தின் வழியே இறைவன் தன் அடியார்களை அச்சுறுத்துகிறான் என்று நபிமொழி கூறுகிறது. கணக்கர்களோ அது வழக்கமான வானியக்கம் என்கின்றனர். இரண்டும் முரண்படுகின்றனவே என்று சிலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருளற்றது என்கிறார் இப்னு தகீக். இறைவனுக்கு வழக்கத்தின்படி நிகழும் செயல்களும் உண்டு, வழக்கத்துக்கு அப்பாற்பட்ட செயல்களும் உண்டு. ஒரு நிகழ்ச்சிக்கு வழக்கமான காரணம் தெரிந்திருப்பதால், இறைவனை அறிந்தவரின் உள்ளத்தில் அது எழுப்பும் அச்சம் இல்லாமற் போவதில்லை. பிரசவம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை முற்றும் அறிந்த மருத்துவரும் தம் மகளின் பிரசவ வேளையில் கையேந்திப் பிரார்த்திக்கத்தானே செய்கிறார்!

கஸ்ஸாலிக்கு ஏறத்தாழ 65 ஆண்டுகளுக்கு முன் இதே கிரகணத்தைப் பற்றி எழுதிய இன்னொருவர் அல்பிரூனி. இந்தியாவைப் பற்றிய அவரது பெருநூல் 1030ஐ ஒட்டி எழுதப்பட்டது. இந்திய வானியலாரின் திறமையை அதில் மனமாரப் பாராட்டுகிறார். கிரகணத்தின் உண்மையான காரணத்தை வராகமிகிரர் தெளிவாக அறிந்திருந்தார் என்று எழுதுகிறார். பின்னர் பிரம்மகுப்தரிடம் வருகிறார். பிரம்மகுப்தர் தம் 'பிராம்மஸ்புட சித்தாந்த'த்தை எழுதியது 628ஆம் ஆண்டு. மதீனாவில் சூரியன் மங்கியதற்கு நான்கே ஆண்டுகள் முன்பு. பூமியின் நிழலையும் சந்திரனின் விட்டத்தையும் கொண்டு கிரகணத்தைக் கணித்த அதே மேதை, ராகுவே சந்திரனை மறைக்கிறது என்னும் மக்கள் நம்பிக்கையையும் மதநூல் கூற்றையும் ஆதரித்து எழுதியிருந்தார். அறிந்த உண்மையை ஒருவர் ஏன் இவ்வாறு மறைக்க வேண்டும்? அச்சமே காரணமாக இருக்கலாம், சாக்ரட்டீஸுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேருமோ என்னும் அச்சம் என்று அல்பிரூனி கருதுகிறார். அவரது கண்டனத்தில் இழிவுபடுத்தும் தொனி இல்லை. தம்மையொத்த அறிஞர் ஒருவர் தடுமாறியதைக் கண்ட வருத்தமே உள்ளது. தம் சமுதாயத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. நகரங்களின் இருப்பிடத்தைக் கணிப்பது பற்றி 1025இல் முடித்த 'தஹ்தீத்' நூலின் தொடக்கத்தில், அறிவுத்துறைகளை வெறுக்கும் தம் காலத்து முஸ்லிம்களைக் கடிந்துகொள்கிறார். பிற சமயத்தாரின் ராகுவைக் கண்டு நகைப்பது எளிது. நம் வீட்டு ராகுவை அடையாளம் காண்பதுதான் கடினம்.

இனி, கஸ்ஸாலியின் மீதான முதன்மையான குற்றச்சாட்டுக்கு வருவோம். அவரது நூலின் 17ஆம் விவாதம் பஞ்சும் நெருப்பும் பற்றியது. பஞ்சில் தீ படுகிறது, பஞ்சு எரிகிறது. நாம் கண்டது என்ன? தீ பட்டபோது எரிந்தது என்பதைக் கண் கண்டது. தீ பட்டதால் எரிந்தது என்பதை எந்தக் கண்ணும் கண்டதில்லை. அது நாமாகச் சேர்த்துக்கொண்டது. 'போது' என்பதற்கும் 'ஆல்' என்பதற்கும் இடையிலுள்ள இந்தச் சிறு இடைவெளியில்தான் கஸ்ஸாலியின் வாதம் முழுவதும் அமைந்துள்ளது. எரித்தல் தீயின் தனியுரிமையன்று. இறைவன் நாடியபடி இரண்டையும் அடுத்தடுத்துப் படைக்கிறான். நபி இப்ராஹீம் (அலை) நெருப்பில் எறியப்பட்டும் எரியாதிருந்தது இயலாத ஒன்றன்று என்பதை நிறுவவே இவ்வளவும்.

இதற்கு எழும் மறுப்பையும் அவரே முன்வைக்கிறார். காரணத்துக்கும் விளைவுக்கும் கட்டாயத் தொடர்பு இல்லையென்றால், வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் குதிரையாக மாறியிருக்கலாம் என்று ஒருவன் சொன்னால் எவ்வாறு மறுப்பது? இயல்வது எல்லாம் நிகழ்வதில்லை என்பது அவர் விடை. இறைவன் தன் வழக்கத்தை மாறாமல் நடத்துகிறான். அவ்வழக்கம் மாறாது என்னும் அறிவையும் நம்முள் படைத்திருக்கிறான். எனவே புத்தகம் புத்தகமாகவே இருக்கும் என்று நாம் உறுதியாக நம்பலாம்.

கொர்தோவாவின் இப்னு ருஷ்து (1126-1198) இதனை ஏற்கவில்லை. காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார். பொருள்களுக்கு இயல்பு உண்டு, அவ்வியல்பைக் கொண்டே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகிறோம் என்று அவர் வாதிட்டார். இருவருள் யார் சரி என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. என் மனம் இப்னு ருஷ்து பக்கமே சாய்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கஸ்ஸாலியின் கொள்கை அறிவியலை இயலாததாக்கிவிட்டது என்பது சரியன்று. விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் செய்வது நிகழ்ச்சிகளின் ஒழுங்கை அளப்பதும், அவ்வொழுங்கைக் கொண்டு நாளை நிகழ்வதை முன்னுரைப்பதும், முன்னுரை பொய்த்தால் தம் கருத்தைத் திருத்துவதுமே. அந்த ஒழுங்கை 'இயற்கையின் விதி' என்று ஒருவரும், 'இறைவனின் வழக்கம்' என்று மற்றொருவரும் அழைக்கலாம். கிரகணத்தின் கணக்கு இருவருக்கும் ஒன்றே. காரணத்தொடர்பைக் கண்ணால் காண்பதில்லை என்று 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் எழுதினார். அதற்காக அவரை அறிவியலின் எதிரி என்று எவரும் சொன்னதில்லை.

கஸ்ஸாலிக்குப் பின் இஸ்லாமிய உலகில் அறிவியல் அழிந்தது என்னும் கூற்றை வரலாறும் ஏற்கவில்லை. நஸீருத்தீன் தூஸியின் தலைமையில் மராகா வானாய்வுக்கூடம் எழுந்தது 1259இல். கஸ்ஸாலி மறைந்து 148 ஆண்டுகளுக்குப் பிறகு. உலூக் பேக்கின் ஸமர்க்கந்து ஆய்வுக்கூடம் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இவற்றினும் நம் கவனத்துக்குரியவர் திமிஷ்கு நகரின் இப்னு ஷாத்திர். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர் ஊர் சுற்றும் தத்துவவாதியல்லர். உமய்யா பெரிய பள்ளிவாசலின் 'முவக்கித்', அதாவது தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்லும் பணியாளர். முஅத்தின் பாங்கு சொல்லும் மினாராவில் 1371ஐ ஒட்டி அவர் அமைத்த சூரியக் கடிகாரத்தின் உடைந்த துண்டுகள் திமிஷ்கு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டன. அதன் 19ஆம் நூற்றாண்டுப் படி மினாராவில் நிறுவப்பட்டது. தாலமியின் சந்திரக் கோட்பாட்டில் ஒரு பெருங்குறை உண்டு. அதன்படி சந்திரன் சில வேளைகளில் வழக்கத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு பெரிதாகத் தோன்ற வேண்டும். வானத்தில் அவ்வாறு தோன்றுவதில்லை. இப்னு ஷாத்திர் அதனை நீக்கி ஒரு புதிய அமைப்பை வகுத்தார். 1543இல் கோப்பர்நிகஸ் வெளியிட்ட சந்திர அமைப்பு கணித அளவில் அதுவே என்பது 1957இல் ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. பள்ளிவாசலில் ஊதியம் பெற்ற ஒருவர், வழிபாட்டுக்கான கணக்கைச் செய்துகொண்டே, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக மதிக்கப்பட்ட தாலமியைத் திருத்தினார். கூடிவாழ இயலுமா என்னும் வினாவுக்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமோ?

கிப்லாவின் கதையும் இத்தகையதே. உருண்டைப் பூமியின் ஓரிடத்திலிருந்து கஅபாவின் திசையைக் காண்பது கோளக் கணிதத்தின் வேலை. நம் நாட்டுப் பழைய பள்ளிவாசல்கள் சில நேர் மேற்கு நோக்கிக் கட்டப்பட்டவை. கணக்கின்படி சென்னையிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்துள்ளது. இதனை எந்தக் கருவியுமின்றி எவரும் சரிபார்க்கலாம். மே 28ஐ ஒட்டிய நாள்களில் இந்திய நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16ஐ ஒட்டிய நாள்களில் 2.57க்கும் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் நிற்கிறது. அவ்வேளையில் ஒரு கோலை நட்டு, அதன் நிழலுக்கு எதிர்த்திசையைப் பார்த்தால் அதுவே கிப்லா. இம்முறையை நஸீருத்தீன் தூஸி தம் 'தத்கிரா'வில் அன்றே குறித்திருக்கிறார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இஸ்தான்பூலை மறைப்பது நேர்மையாகாது. தகீயுத்தீன் என்னும் வானியலார் மூன்றாம் முராத் சுல்தானின் ஆதரவில் அங்கே ஒரு சிறந்த ஆய்வுக்கூடத்தை அமைத்தார். 1577இல் பெரும் வால்மீன் ஒன்று தோன்றியது. 1580இல் ஆய்வுக்கூடம் சுல்தானின் ஆணையால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அரசவைப் போட்டிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் வானத்தின் இரகசியங்களை ஆராய்வது நாட்டுக்குக் கேடு என்று மார்க்கத் தலைமையே கருத்துரைத்தது. கஸ்ஸாலி எச்சரித்த அந்த 'அறியாத நண்பர்' புத்தகத்தில் மட்டும் வாழ்ந்தவரல்லர்.

'அல் முன்கித்' என்னும் தம் தன்வரலாற்று நூலில் கஸ்ஸாலி இந்நண்பருக்கு ஓர் இணையையும் காட்டுகிறார். கணிதத்தின் துல்லியத்தைக் கண்டு மயங்கி, அக்கணிதரின் எல்லாக் கூற்றுகளும் அவ்வாறே உறுதியானவை என்று நம்பி, அவர்கள் மார்க்கத்தை மறுப்பதையும் அப்படியே ஏற்பவர் அவர். தம் துறையில் மேதையாக விளங்கும் ஓர் இயற்பியலார், இறைவன் இல்லை என்று ஒரு பேட்டியில் சொன்னால், அதுவும் இயற்பியலின் முடிவு என்று கொள்ளும் இளைஞர்கள் இன்றும் உள்ளனர். ஒரு கலையில் தேர்ந்தவர் எல்லாக் கலையிலும் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை என்பதே கஸ்ஸாலி அவர்களுக்குச் சொல்வது.

நம் காலத்தில் மூன்றாவதாக ஒருவகையினரும் தோன்றியிருக்கின்றனர். 1976இல் பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகாயின் நூல் வெளிவந்தபின், ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பையும் திருமறையில் தேடிக் காட்டும் முயற்சி பெருகிற்று. அண்டத்தின் தோற்றம் முதல் கருவின் வளர்ச்சி வரை எல்லாம் முன்பே சொல்லப்பட்டவை என்னும் சிறு நூல்கள் தமிழிலும் ஏராளம். இவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் அறிவியலின் உயிர்நாடி அது தன்னைத் திருத்திக்கொள்வதில் உள்ளது. இன்றைய கோட்பாட்டை இறைவசனத்தின் பொருள் என்று அறிவித்துவிட்டால், நாளை அக்கோட்பாடு திருத்தப்படும்போது நாம் எதைத் திருத்துவோம்? மேலும், கண்டுபிடிப்பு வேறெங்கோ நிகழ்ந்த பின்னரே வசனம் நம் நினைவுக்கு வருகிறது என்பதும் நாணத்தக்கதே. குர்ஆனில் எல்லாக் கலைகளையும் ஏற்றிக் காண்போரை 14ஆம் நூற்றாண்டில் இமாம் ஷாதிபி 'முவாஃபகாத்'தில் மறுத்திருக்கிறார். குர்ஆன் அறிவியல் நூலன்று என்பதை மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தார். எல்லாக் கலைகளின் வேரும் குர்ஆனில் உண்டு என்று கஸ்ஸாலியே 'ஜவாஹிருல் குர்ஆ'னில் எழுதியிருப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனினும் கிரகணத்தின் கணக்கை அவர் வசனத்திலிருந்து வருவிக்கவில்லை, கணிதரிடமிருந்தே பெற்றார்.

எல்லாச் சிக்கலும் கிரகணத்தைப் போல் எளிதன்று. மனித இனத்தின் தோற்றம் பற்றிய பரிணாமக் கொள்கையே இன்றைய உண்மையான சோதனை. கிரகணம் எவ்வாறு நிகழ்கிறது என்று மறை விவரிக்கவில்லை. ஆதம் (அலை) படைக்கப்பட்டதை விவரிக்கிறது. மறுபுறம், உயிர்களின் பொது மூதாதை பற்றிய சான்றுகள் தொல்லுயிர் எச்சங்களிலும் மரபணுவிலும் குவிந்துள்ளன. அவற்றை 'வெறும் ஊகம்' என்று ஒதுக்குவது, கணக்கறிந்தவரிடம் சென்று கிரகணக் காரணத்தை மறுப்பதற்கு ஒப்பாகும். லெபனானின் திரிப்போலி நகர அறிஞர் ஹுஸைன் அல்ஜிஸ்ர், 1888இல் வெளிவந்த தம் 'ரிஸாலத்துல் ஹமீதிய்யா'வில் இதனை எதிர்கொண்டார். அன்றைய நிலையில் அக்கொள்கை உறுதியாக நிறுவப்படவில்லை என்றார். உறுதியாக நிறுவப்பட்டால் வசனங்களுக்கு அதற்கேற்ற விளக்கம் காண்பதில் தடையில்லை என்றும் எழுதினார். கஸ்ஸாலியின் விதியைத்தான் அவர் கையாண்டார். 2021இல் ஷுஐப் அஹ்மத் மாலிக், கஸ்ஸாலியின் அடிப்படைகளைக் கொண்டே பரிணாமத்தை ஆராய்ந்து ஒரு முழு நூலை வெளியிட்டார். பிற உயிர்களின் பரிணாமத்தை ஏற்று, ஆதமின் படைப்பை மட்டும் தனி நிகழ்ச்சியாகக் கொள்ளும் நிலைப்பாட்டையும் சில அறிஞர்கள் முன்வைக்கின்றனர். இவற்றுள் எது நிலைக்கும் என்பதை அறிஞர்களின் உழைப்பே முடிவு செய்யும். அதுவரை நம் மாணவர்கள் உயிரியல் வகுப்பில் அமர்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இறுதியாக, நம் ஊருக்கே வருவோம். 2019, டிசம்பர் 26 அன்று காலை வளைய சூரிய கிரகணம் தமிழகத்தின் குறுக்கே கடந்து சென்றது. கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியே சென்ற அதன் பாதை யாழ்ப்பாணத்தையும் தொட்டது. பல பள்ளிவாசல்களில் கிரகணத் தொழுகை நடைபெற்றது. கிரகணம் தொடங்கும் நேரமும் விலகும் நேரமும் நிமிடக் கணக்கில் முன்னரே தெரிந்திருந்ததால் தொழுகைக்கு ஆயத்தமாவதில் எவருக்கும் இடர்ப்பாடில்லை. வானியலாரின் கணக்கை நம்புவது ஈமானுக்குக் குறைவு என்று ஒருவரும் சொன்னதாகத் தெரியவில்லை. அதே சந்திரன் சில மாதங்களில் பெருநாள் பிறையாக வரும்போது, ஒரே தெருவில் இரண்டு பெருநாள்கள். சில ஆண்டுகளில் மூன்று.

இது மார்க்கத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான சண்டை என்று வெளியிலிருந்து பார்ப்போர் கருதுகின்றனர். அக்கருத்து முழுதும் சரியன்று. சந்திரனும் சூரியனும் சங்கமிக்கும் கணத்தை நொடிக் கணக்கில் சொல்லலாம். ஒரு சங்கமத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம். ஆனால் பிறை கண்ணுக்குப் புலப்படுவது வேறு செய்தி. சூரியனிலிருந்து ஏறத்தாழ 7 பாகையாவது விலகினாலன்றிப் பிறையைக் காண இயலாது என்பது பிரெஞ்சு வானியலார் டான்ஜோன் 1930களில் கண்ட எல்லை. அதற்கு மேலும், காற்றின் தூய்மை, அடிவானத்தின் உயரம், பார்ப்பவரின் கண் ஆகியவை குறுக்கிடுகின்றன. ஆகவே கணக்கு சில மாலைகளில் 'காண இயலாது' என்றும், சில மாலைகளில் 'எளிதில் காணலாம்' என்றும், இடைப்பட்டவற்றில் 'காணக்கூடும்' என்றும் மட்டுமே சொல்லும். மாதத்தைக் கண்ணால் காண்பதைக் கொண்டு தொடங்குவதா, கணக்கைக் கொண்டு தொடங்குவதா என்பதை எந்தத் தொலைநோக்கியும் தீர்க்காது. அது ஃபிக்ஹ் வினா. இப்னு தைமிய்யா (ரஹ்) கணக்கைக் கொண்டு மாதத்தைத் தொடங்குவதை வன்மையாக எதிர்த்தார். அவர் வானியல் அறியாதவரல்லர். எகிப்தின் ஹதீஸ் அறிஞர் அஹ்மத் ஷாகிர் 1939இல், எழுத்தும் கணக்கும் பரவாத சமுதாயத்துக்கே கண்ணால் காண்பது வழியாக்கப்பட்டது, அந்நிலை மாறியபின் கணக்கே வழி என்று எழுதினார். வட அமெரிக்க ஃபிக்ஹ் கவுன்சில் 2006இல் கணக்கை ஏற்றது. கிரகணத் தொழுகை பற்றிய நபிமொழியும் 'காணும்போது' என்றே கூறுகிறது என்பதை இரு தரப்பாரும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் காண இயலாத மாலையில் 'கண்டேன்' என்று ஒருவர் சாட்சி சொன்னால்? இப்னு ஷாத்திர் உமய்யா பள்ளிவாசலின் நகரில் வாழ்ந்த அதே காலத்தில், அந்நகரின் காழியாக இருந்தவர் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் தகீயுத்தீன் ஸுப்கி (1284-1355). பிறை தென்பட இயலாது என்று உறுதியான கணக்கு காட்டும்போது ஒருவரோ இருவரோ கண்டதாகச் சொன்னாலும் அச்சாட்சியத்தை ஏற்கலாகாது என்று அவர் தீர்ப்பளித்தார். சாட்சியம் ஏற்கப்படுவதற்கு, சாட்சி சொல்லப்படும் பொருள் நிகழக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவரது சட்ட நியாயம். அவர் கணக்கைக் கொண்டு மாதத்தைத் தொடங்கச் சொல்லவில்லை. நிகழாததை நிகழ்ந்ததாக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவரது மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் பலர் அதனையும் ஏற்காது விட்டனர். 29ஆம் நாள் மாலை பிறை பார்க்கக் கடற்கரைக்குச் செல்லும் நம் ஊர்ப் பெரியவர்கள், அன்று சூரியனுக்கு முன்பே சந்திரன் மறைந்துவிடுகிறதா என்பதை மட்டும் பஞ்சாங்கத்திலோ கைப்பேசியிலோ பார்த்துக்கொள்ளலாம். மறைந்துவிடுமாயின், அன்றிரவு தொலைபேசியில் வரும் 'கண்டோம்' என்னும் செய்திக்கு ஸுப்கி என்ன விடை சொல்லியிருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.